அடிபட்ட அன்றே ஒரு நோட்டு போடுங்கள்

விபத்தில் வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கடையைப் பூட்டி வைத்திருந்தேன். இழப்பீடு கேட்கப் போனபோது வலியைவிட என்னை அலைக்கழித்தது ஒரே கேள்வி: "வருமானம் போனதற்கு என்ன ஆதாரம்?" சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவருக்கு வாய்ச்சொல்தான், அது எடுபடாது.

ஆகவே அன்றே ஒரு நோட்டு போடுங்கள். நான் இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன். தேதி தெளிவாக இருந்தது, அது போதும். எந்த ஆர்டர் கைவிட்டுப் போனது, மாற்று ஆளுக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று அன்றன்றே குறியுங்கள். ஆர்டரை ரத்து செய்தவரின் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். முந்தைய ஆண்டுகளின் வரிக்கணக்கையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் வைத்தால்தான் இழப்பு கண்ணுக்குத் தெரியும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தீர்களா? அந்தத் தொகையே இப்போது உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

விபத்து நடந்த இடத்தின் படம், சாட்சிகளின் தொலைபேசி எண், போலீஸ் புகாரின் நகல், மருத்துவச் சீட்டுகள் எல்லாம் வழக்கமானவைதான், தவறவிடாதீர்கள்.

எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து தேனொழுகப் பேசி ஒரு தாளை நீட்டினார். கடைசி வரி: "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." அப்போது மாவுக்கட்டுகூடப் பிரிக்கவில்லை! அதில் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் எதுவும் கேட்க முடியாது. வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். வக்கீலிடம் போனதும் முதலில் கேட்க வேண்டியது, வழக்குத் தொடர எந்தத் தேதிவரை அவகாசம் என்பதை.