எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஆறு பேராகப் போவது எப்படி?

வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. கிருஷ்ணகிரியில் இராத்திரி பஸ் ஏறினால் காலையில் சென்னை.

எங்கள் தெரு ஆட்களை அழைத்துப் போகும்போது ஆறு பேருக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. கூட்டம் பெருத்தால் வழிகாட்டி சொல்வது முன்வரிசையோடு நின்றுவிடும். பின்னால் நிற்பவர் செல்போனை நோண்டுவார். வழிகாட்டியிடம் முன்பே பேசி, வெண்கலச் சிலைக் கூடத்துக்கே ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். 1851இல் தொடங்கிய இடம். அமராவதி சிற்பம், பழங்காசு, திமிங்கல எலும்புக்கூடு என்று ஏகப்பட்டது உண்டு. எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டால் கால்தான் வலிக்கும்.

கிளம்பும் முன் ஒருநாள் தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்துவிடுங்கள். கல்லில் கொத்திய வீரனைப் பார்த்த கண்ணுக்கு, மெழுகில் வடித்து வெண்கலத்தில் வார்த்த உருவத்தின் வழவழப்பு சட்டெனப் பிடிபடும்.

வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் சிலை முன்னால் அவசரமே வேண்டாம். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் அம்மனுக்கு ஒன்றே ஒன்று. சிவனின் ஒரு கை வெறும் காற்றில் ஊன்றியிருக்கும். அது காளை மேல் சாய்ந்த கை, காளைதான் இல்லை. சரி, அப்புறம் குனிந்து மற்ற சிலைகளின் பீடங்களைப் பாருங்கள். பலவற்றில் ஓட்டையோ வளையமோ இருக்கும், சாமி உலா போகையில் கம்பு செருகிக் கட்டுவதற்கு. வழிகாட்டி இதைத் தாண்டிப் போனால் நிறுத்திக் கேளுங்கள். கேள்வி வந்தால் அவருக்கும் உற்சாகம் பிறந்துவிடும்.