கொலுப் படங்களின் கலங்கலைச் சரிசெய்த விதம்

நவராத்திரிக் கொலுவை என் முதல் சிறிய டிஜிட்டல் கேமராவில் எடுத்தபோது, அதன் திரையில் தெளிவாகத் தெரிந்த பொம்மைகள் கணினியில் கலங்கலாகவே இருந்தன. லென்ஸைக் குறைகூறிக்கொண்டிருந்த நான், படத்தின் விவரங்களைப் பார்த்த பின்னரே, பிளாஷை அணைத்திருந்ததால் ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/8 நொடி வரை நீண்ட நேரம் திறந்திருந்ததையும், பொத்தானை வெடுக்கென்று அழுத்தியதில் கேமரா அசைந்ததையும் உணர்ந்தேன். பிளாஷைப் போட்டாலோ பொம்மைகளின் பளபளக்கும் வண்ணப்பூச்சில் வெள்ளைத் திட்டு விழுந்தது. ஆகவே கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 400க்கு உயர்த்தி, முக்காலி இல்லாததால் நாற்காலியில் அடுக்கிய புத்தகங்களின்மேல் கேமராவை வைத்து, 2 நொடி டைமரை அமைத்து, பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் சரியானதைக் காட்டும் பச்சைக் கட்டம் தோன்றிய பிறகே முழுவதும் அழுத்தினேன். கை பட்ட அதிர்வு அடங்கிய பின்னர் படம் பதிவானதால் மரப்பாச்சியின் கண் மை வரை தெளிவாக விழுந்தது. செட்டியார் பொம்மையை மிக அருகில் எடுக்க மட்டும் பூக்குறியிட்ட மேக்ரோ முறை தேவைப்பட்டது.