கார் ஓட்டுபவரின் வலக் கன்னத்தை வெயிலிலிருந்து காப்பது எப்படி?

பெங்களூரில் பொம்மனஹள்ளி வீட்டிலிருந்து ஹெப்பாள் அலுவலகத்துக்கு மூன்று ஆண்டுகள் காரில் போய்வந்ததில், என் வலக் கன்னத்தில் மட்டும் கருமை திட்டுத் திட்டாகப் படர்ந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியில்தான் ஓட்டினேன் என்பதால், வெயில்தான் காரணம் என்று தோல் மருத்துவர் சொல்லும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் படியாக, நீங்கள் போகும் திசையைக் கவனியுங்கள். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதால், காலையில் வடக்கு நோக்கிப் போகிறவருக்குக் கிழக்கு வெயிலும், மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே வலக் கன்னத்தில்தான் விழும். என் பாதை அப்படிப்பட்டது.

அடுத்தது கண்ணாடி, நான் ஏமாந்த இடம் இதுதான். புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் ‘பி’ வகையைச் சாதாரணக் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆழமாக ஊடுருவிக் கருமையும் சுருக்கமும் உண்டாக்கும் ‘ஏ’ வகை அப்படியல்ல. முன்கண்ணாடி இரண்டு அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டப்பட்டது என்பதால் அதையும் ஏறக்குறைய முழுவதும் தடுக்கும்; ஒற்றை அடுக்கான பக்கக் கண்ணாடியோ காருக்குக் கார் வேறுபடும். எரிச்சல் இல்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்று நான் நம்பியது தவறு. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் முகத்தில் இடப்பாதி மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்த படம் 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்.

இதற்காகக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டாம். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. மேலும் நிறம் இருண்டிருப்பதாலேயே ஒரு ஃபிலிம் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. புதிய கார் வாங்குபவர்கள், பக்கக் கண்ணாடியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையா என்று ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அது முக்கியமாக ‘பி’ வகைக்கான அளவு. ‘ஏ’ வகைக்குப் பிஏ குறியீட்டைப் பார்க்க வேண்டும். அதில் கூட்டல் குறிகள் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும். நான் எஸ்பிஎஃப் 50, பிஏ++++ மட்டுமே வாங்குகிறேன். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே முகம், கழுத்து, வலக் காது மடல் வரை தடவுங்கள். காலையில் தடவியது மாலை வரை தாங்காது என்பதால், அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் மீண்டும் தடவுவது கட்டாயம். டியூபைக் காரில் வைக்காதீர்கள். சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

பின்சேர்க்கை: சன்ஸ்கிரீன் வியர்வையோடு வழிந்து கண் எரிகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக் பயன்படுத்துங்கள். மங்கு (முகத்தில் திட்டாகப் படரும் கருமை) உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைக் கூட்டும்; அதை எந்தக் கார்க் கண்ணாடியும் தடுக்காது என்பதால், அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனே அவர்களுக்குப் பொருந்தும்.