மாராவுக்குப் போகிறவர்கள் முதலில் தனுஷ்கோடிக்குப் போங்கள்

எங்கள் கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார்கள். என் காக்கா, அதாவது அண்ணன், நைரோபியில் கடை வைத்திருக்கிறார். அதனால் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு சஃபாரி என்று யார் கிளம்பினாலும் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும். "லாத்தா (அக்கா), சிங்கம் கண்ணில் படுமா?" படும். ஆனால் பார்க்கவும் ஒரு பழக்கம் வேண்டும். லட்சக்கணக்கில் செலவு செய்து அங்கே போய் அதைப் பழக ஆரம்பிப்பதற்குள் நாள்கள் முடிந்துவிடும். நம் கரையிலேயே பழகிக்கொண்டு போங்கள்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் காலையிலேயே தனுஷ்கோடி சாலையில் போய், கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழி ஓரம் நில்லுங்கள். தண்ணீர் சரியாக இருந்தால் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வந்திருக்கும். 2025-இல் அரசு இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாகவே அறிவித்துவிட்டது. வெயில் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள், நிறம் தெளிவாகத் தெரியும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர் போதும். அதைவிடப் பெரியது கையில் ஆடும்.

இப்போது ஒரே ஒரு பறவையைப் பாருங்கள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, அதே இடத்தில் மெல்லச் சுற்றும். அப்படி மேய்ந்துகொண்டிருந்தால் உங்களால் அதற்குத் தொந்தரவு இல்லை. திடீரென்று ஒரு கழுத்து நிமிரும். பக்கத்தில் இன்னும் இரண்டு நிமிரும். அப்புறம் கூட்டமே ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் எல்லாம் பறந்துவிடும். பறந்த பிறகு வீடியோ எடுப்பதில் ஒன்றும் இல்லை. நாம் அதன் தீனியைக் கெடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். அந்த முதல் கழுத்து நிமிர்வதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் சஃபாரிக்கு நீங்கள் தயார்.

பூநாரை வராத வருஷம் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்களுக்குப் போங்கள். இரண்டும் 2025-இல் ராம்சர் என்ற உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. கூழைக்கடாவும் நாரையும் அங்கே பழகக் கிடைக்கும்.

மாராவில் இதே பழக்கம் எப்படி உதவும் என்று சொல்கிறேன். அங்கே போகிற எல்லாரும் புல்லுக்குள் சிங்கத்தைத் தேடுவார்கள். சிங்கம் நாளின் பெரும்பகுதி படுத்துத்தான் கிடக்கும், புல்லும் அதுவும் ஒரே நிறம். அதைத் தேடாதீர்கள். மற்ற பிராணிகள் எங்கே பார்க்கின்றன என்று பாருங்கள். மூன்று நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் இலையை விட்டுவிட்டு ஒரே திசையைப் பார்த்து நின்றால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. இம்பாலா மான் மூக்கால் சீறினாலும், பபூன் குரங்கு மரத்தில் ஏறிக் குரைத்தாலும் டிரைவரிடம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடினால் இந்தச் சத்தம் எதுவும் காதில் விழாது.

வானத்தையும் பாருங்கள். நம் கடலில் ஆலாக்கள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே மீன் மொய்ப்பதாக மீன்காரர்கள் வள்ளத்தைத் திருப்புவார்களே, அங்கே பிணந்தின்னிக் கழுகுகளை அப்படிப் பார்க்க வேண்டும். உயரத்தில் சும்மா வட்டமிட்டால் அர்த்தமில்லை, சூடான காற்றில் ஏறுகின்றன. காலைத் தொங்கவிட்டு வேகமாக இறங்கினால் கீழே இரை கிடக்கிறது. இறங்காமல் மரத்திலேயே உட்கார்ந்திருந்தால் அடித்த மிருகம் இன்னும் பக்கத்திலேயே இருக்கலாம்.

சிறுத்தைக்குப் பெரிய மரங்களின் கிடைக்கிளைகளைப் பாருங்கள். பெரும்பாலும் தொங்கும் வால்தான் முதலில் தெரியும். சிவிங்கிப்புலிக்கு (சீட்டா) புற்றுமேடுகள். அது மேட்டில் ஏறி நின்று சமவெளியை அளக்கும். சிங்கமும் கழுதைப்புலியும் இரையைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதால் அது பகலில் வேட்டையாடும். அந்த நேரத்தில் வண்டிகள் சுற்றிக்கொண்டால் வேட்டை கெட்டு, குட்டிகள் பட்டினி கிடக்கும். எனக்கு இது மனசு பொறுக்காத விஷயம். கூட்டம் கூடியிருந்தால் விலகிவிடுங்கள்.

யானை இலை மேய்ந்துகொண்டே காதை ஆட்டினால் பயமில்லை. காதை விரித்து, தலையைத் தூக்கி உங்களை நேராகப் பார்த்தால், அதுதான் பூநாரையின் நிமிர்ந்த கழுத்து. பேச்சை நிறுத்துங்கள், வண்டி மெதுவாகப் பின்வாங்கட்டும். வண்டியிலிருந்து இறங்குவதோ உடம்பை வெளியே நீட்டுவதோ கூடவே கூடாது.

கிளம்புவதற்கு முன் சில வேலைகள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். கென்யாவுக்கு 2024 முதல் விசா கிடையாது, ஆனால் ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள், 2017 முதல் அங்கே தடை. ஸ்வெட்டர் கட்டாயம். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் விடியற்காலையில் திறந்த வண்டியில் நம் ஊர்க்காரர்களுக்குப் பல் கிட்டிப்போகும். ஒரு வெறும் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். நைரோபியில் அரிசி வாங்கி நிரப்பி ஜன்னலில் வைத்தால் கேமரா ஆடாது. வண்டியில் ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் போனால் மாடு போலிருக்கும் பெரிய மான் வகையான வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வாய்ப்புண்டு. இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். மந்தை கரைக்கு வரும், புழுதி கிளப்பும், முன்னால் நிற்பது தண்ணீரை மோந்து பார்க்கும், பின்வாங்கும். இப்படியே மணிக்கணக்கில் நடக்கும். ஆற்றில் முதலைகள் காத்திருக்கும். சில நாள் கடக்காமலே மேயப் போய்விடும். ஒரு வண்டி ஆசைப்பட்டுக் கரை ஓரம் முந்தினாலும் மந்தை மிரண்டு திரும்பிவிடும். முதல் மாடுகள் தண்ணீரில் இறங்கி, பின்னால் வரிசை ஓட ஆரம்பித்த பிறகுதான் கரைக்குப் போக வேண்டும்.

ஆனால் டிரைவருக்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது. கிட்டே காட்டினால்தான் டிப்ஸ் கிடைக்கும் என்று பழகியிருப்பார். அதனால் முதல் நாள் இரவு சாப்பாட்டின்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்: எங்களுக்குக் கிட்டே போக வேண்டாம், காத்திருக்கத் தயார், கடக்காவிட்டாலும் உங்கள் டிப்ஸ் குறையாது. மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லி லாட்ஜிலும் இரவே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் சரியாகக் கடக்கும் நேரத்தில் சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.