காயிலைக் கொளுத்தி எடுக்காதீர்கள்: மோட்டார் ரீவைண்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றும் எங்கள் ரீவைண்டிங் பட்டறைக்கு, ஐடிஐ முடித்த பையன் ஒருவன் வேலை பழக வந்திருக்கிறான். போன வாரம் எரிந்துபோன 3 எச்பி மோட்டாரின் ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும், காயில் சுற்றிய இரும்புப் பகுதி) ஒன்றைத் தரையில் வைத்து கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தான். "வார்னிஷ் எரிஞ்சிட்டா காயில் கையோட வந்துடும்ணே" என்றான். ஓடிப்போய் டார்ச்சை வாங்கி அணைத்தேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மெயினை அணைக்காமல் கை வைப்பது, கனெக்‌ஷனை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

கோரை, அதாவது ஸ்டேட்டரின் இரும்பை, சுட்டுவிடுவது

1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். காந்தப்புலம் மாறினால் காயிலில் மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் மாறுகிற காந்தப்புலத்துக்குச் செம்பு, இரும்பு என்ற பேதம் கிடையாது. ஸ்டேட்டரின் இரும்புக்குள்ளும் அது மின்சாரத்தைச் சுழலவிடும். அதுதான் சுழல் மின்னோட்டம். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடி சூடாவது இதனால்தான். அடுப்புக்கு அது வேண்டும், மோட்டாருக்கு வேண்டவே வேண்டாம்.

அதற்காகத்தான் ஸ்டேட்டரை ஒரே இரும்பாக வார்க்காமல், அரை மில்லிமீட்டர் அளவு ஸ்டாம்பிங் தகடுகளாக அடுக்குகிறார்கள். தகட்டுக்குத் தகடு மின்காப்புப் பூச்சு உண்டு. கண்ணுக்கே தெரியாத அந்தப் பூச்சுதான் சுழல் மின்னோட்டத்துக்குப் போட்ட வேலி. இரண்டு தகடுகள் ஒட்டி ஒன்றாகிவிட்டால் அந்த இடத்தில் இழப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. டார்ச் தீ 1000 டிகிரியைத் தாண்டும். அதில் எந்தப் பூச்சு நிற்கும்?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் மூழ்கிய மோட்டார்கள் பட்டறை வாசல்வரை குவிந்தன. அவசரத்தில் ஒரு 5 எச்பி புளோயர் மோட்டாரை நான் தீ வைத்தே பிரித்தேன். புது வைண்டிங், நல்ல வார்னிஷ், மெக்கரில் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) சுத்தம். கிளாம்ப் மீட்டரில் நோ லோடு கரண்ட், அதாவது சுமையில்லாமல் ஓடும்போது எடுக்கும் கரண்ட், 3.1 ஆம்பியர். அதே இடத்திலிருந்து வந்த ஜோடி மோட்டார் 3 காட்டியது. பரவாயில்லை என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. எண்ட் கவரைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் நாற்றம் மூக்கில் ஏறியது. டார்ச் பட்ட பக்கத்தில், காயில் உட்காரும் பள்ளங்களான ஸ்லாட்டுகளுக்கு இடையே உள்ள இரும்புப் பற்களில் மட்டும் நீலம் பாரித்திருந்தது. மறுபடி வைண்டிங் போட்டு வாட் மீட்டரில் பார்த்தால் நோ லோடிலேயே 550 வாட். ஜோடி மோட்டார் எடுத்தது 250. அந்த 300 வாட்டும் இரும்பைச் சுடத்தான் போகிறது. நாள் முழுக்க ஓடினால் 7 யூனிட்டுக்கு மேல் தண்டம். வாடிக்கையாளருக்கு என் காசில் வேறு மோட்டார் வாங்கிக் கொடுத்தேன்.

ஆம்பியர் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? நோ லோடு கரண்டில் பெரும்பங்கு காந்தப்புலத்தை உண்டாக்கும் கரண்ட். இழப்புக்கான கரண்ட் அதற்குச் செங்குத்தாக, 90 டிகிரி தள்ளி நிற்பதால் இரண்டையும் நேராகக் கூட்ட முடியாது; இழப்பு இரட்டிப்பானாலும் மொத்தத்தில் ஒரு புள்ளிதான் ஏறும். கோரின் நலத்தைக் கிளாம்ப் மீட்டரிடம் கேட்காதீர்கள்.

சரி, எப்படி எடுப்பது? ஒரு பக்கக் காயில் தலையை வெட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து இழுங்கள். வார்னிஷ் விடவில்லை என்றால் வெப்பக் கட்டுப்பாடு உள்ள ஓவனில் 350 டிகிரிக்குள் வையுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். அப்புறம், புதுக் கம்பி போடும் முன் லூப் டெஸ்ட்: ஸ்டேட்டரின் நடு ஓட்டை வழியாக கேபிளைச் சில சுற்று சுற்றி, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கிலிருந்து மெதுவாக ஏசி ஏற்றி, அணைத்தபின் உள்ளே தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் அந்தக் கோரில் கம்பியை வீணாக்காதீர்கள். நேராக 230 வோல்ட்டில் மட்டும் செருகிவிட வேண்டாம்.

ஸ்லாட்டில் அரம் போடுவது

தீயில்லாமல் அதே கேடு. அரம் கிளப்பும் பிசிறு தகட்டைத் தகட்டோடு இழுத்து ஒட்டிவிடும்.

சுற்று எண்ணிக்கையில் கஞ்சத்தனம்

ஸ்லாட்டில் இடம் போதவில்லை என்று 50 சுற்றுக்கு 45 போடுகிறார்கள். வோல்டேஜ் மாறாதபோது சுற்று குறைந்தால் காந்தப்பாயம் (இரும்புக்குள் பாயும் காந்தப்புலத்தின் அளவு) கூடியே தீரும். இரும்பு ஏற்கெனவே தெவிட்டும், அதாவது இனி காந்தத்தை எளிதில் ஏற்காத, எல்லையில் இருக்கிறது. அதனால் 10 சதவீதச் சுற்றைக் குறைத்தால் நோ லோடு கரண்ட் அதைவிடப் பல மடங்கு எகிறும். பழைய காயிலை எடைக்குப் போடும் முன் இரண்டு காயிலையாவது எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு டிசி

மாறாத கரண்டில் தூண்டல் இல்லை. பிரைமரி (கரண்ட் கொடுக்கும் பக்கத்துக் காயில்) எரியும், அவ்வளவுதான்.

சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை, அதாவது மீட்டர் பக்கத்துக் காயிலை, திறந்து விடுவது

லைன் ஓடும்போது ஒருபோதும் வேண்டாம், உயிரை எடுக்கும் வோல்டேஜ் வரும். முதலில் ஷார்ட் லிங்க் போட்டு செகண்டரியின் இரு முனைகளையும் இணையுங்கள், பிறகு மீட்டரைக் கழற்றுங்கள்.