ஆட்டு ஈரலுக்குள் தண்ணீர் பாய்ச்சிப் பார்ப்போம்

ஈரலை நாம் துண்டு துண்டாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் அது வெறும் சதைக்கட்டி என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. முழு ஈரலைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அது தண்ணீர் பாயும் வயலைப் போன்றது. மடையும் உண்டு, கிளை வாய்க்கால்களும் உண்டு, வடிகாலும் உண்டு. புத்தகத்து அம்புக்குறிகளை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வாங்கும்போது

கறிக்கடையில் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "அண்ணே, படிப்புக்கு வேணும். ஈரலைக் கீறாம முழுசா குடுங்க. பித்தப்பை அப்படியே இருக்கட்டும்." பித்தநீர் பட்டால் கறி கசந்துவிடும் என்று அவர்கள் முதல் வேலையாக அதைத்தான் அறுத்தெடுப்பார்கள். ஈரலில் சேரும் குழாய்களை இரண்டு விரற்கடை நீளம் விட்டு அறுக்கச் சொல்வதும் முக்கியம். காலையில் அறுத்த ஆட்டின் ஈரலாக இருந்தால் நல்லது. நேரம் ஆக ஆக உள்ளே ரத்தம் உறைந்துவிடும்.

கையுறை, அகலமான தட்டு, நூல், ஊசி கழற்றிய 50 மி.லி. சிரிஞ்சு, அதில் மாட்ட ஒரு சாண் டிரிப் குழாய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 9 கிராம் உப்பு. வெறும் தண்ணீர் வேண்டாம். செல்கள் அதை உறிஞ்சி வீங்கி, நுண்ணிய வழிகளை அடைத்துக்கொள்ளும்.

படி 1: திசை பாருங்கள்

வழவழப்பாகப் புடைத்திருக்கும் பக்கம் உதரவிதானத்தை ஒட்டியிருந்தது. குழிந்த பக்கம் இரைப்பையையும் குடலையும் பார்த்திருந்தது. ஆட்டின் வயிற்றில் இடப்புறம் ஏறக்குறைய முழுவதையும் அசைபோடும் பெரிய இரைப்பை பிடித்துக்கொள்வதால், ஈரல் வலப்பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். குழிந்த பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு பள்ளம் தெரிகிறதா? வலது சிறுநீரகம் அழுந்தியிருந்த இடம் அது.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. நீர் நிறைந்த கொப்புளம்போல் கட்டிகள் இருந்தால் அறுக்காதீர்கள். நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். நாய்க்குப் போடாமல் ஆழப் புதைத்துவிடுங்கள்.

படி 2: குழாய்களைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு அவசரப்படக் கூடாது. குழிந்த பக்கத்தின் நடுவில் கொழுப்பு மூடிய ஒரு பள்ளம் இருக்கும். கொழுப்பை விரலால் மெல்ல விலக்குங்கள். மூன்று குழாய்கள் வெளிப்படும்.

அகலமாக, தொளதொளவென்று இருப்பது போர்ட்டல் சிரை, குடல் பக்கத்திலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய். மெல்லியதாக, வெளிறிய நிறத்தில், விரலுக்கு இடையே உருட்டினால் கெட்டியாகத் தட்டுப்படுவது ஈரல் தமனி. மூன்றாவதைப் பித்தப்பையை லேசாக அழுத்திக் கண்டுபிடிக்கலாம். பச்சை நீர் கசிவது பித்தநாளம். அருகில் பயறு வடிவில் கிடக்கும் பழுப்புக் கட்டிகள் நிணநீர்க் கணுக்கள், அவற்றைக் குழாயென்று எண்ணி அறுத்துவிடாதீர்கள். (குதிரைக்கும் எலிக்கும் புறாவுக்கும் பித்தப்பையே கிடையாது; பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்விடும்.)

நான்காவது குழாய் ஈரலின் மேல் விளிம்போடு ஓடும் பெருஞ்சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது. உள்ளே எட்டிப் பாருங்கள்: பெரிதும் சிறிதுமாகத் துளைகள் தெரியும். அவை ஈரல் சிரைகள் வந்து திறக்கும் வாய்கள்.

படி 3: பாய்ச்சுங்கள்

பெருஞ்சிரையின் இரண்டு முனைகளில் ஒன்றை நூலால் கட்டுங்கள். போர்ட்டல் சிரைக்குள் டிரிப் குழாயைச் செருகி, அதையும் சுற்றிக் கட்டிவிட்டு, உப்புநீரை மெதுவாகத் தள்ளுங்கள். உயிருள்ள ஆட்டிலும் இந்தச் சிரையில் அழுத்தம் குறைவுதான். ஈரல் புடைத்தால் நிறுத்திவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் தொடருங்கள்.

முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் பெருஞ்சிரையின் திறந்த முனையிலிருந்து ரத்தம் கலந்த நீர் வழியத் தொடங்கும். தள்ளத் தள்ள அது வெளிறும். ஈரலின் கருஞ்சிவப்பும் மங்கிக்கொண்டே வரும். 1654-இல் ஈரலைப் பற்றி ஒரு முழு நூல் எழுதிய ஆங்கிலேய மருத்துவர் பிரான்சிஸ் கிளிசனும் போர்ட்டல் சிரைக்குள் நீர் செலுத்தித்தான், அது பெருஞ்சிரைக்கு வந்து சேர்வதைக் காட்டினார்.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தப் போர்ட்டல் சிரை வழியாகவே வருகிறது. குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் (கறிக்கடையில் சுவரொட்டி என்பார்களே, அதுதான்) ஆகியவற்றைச் சுற்றி வந்த ரத்தம் இது. மீதிக் கால் பங்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைத் தமனி தருகிறது. இரண்டும் நுண்குழல்களில் கலந்து, செல் வரிசைகளுக்கு நடுவே நகர்ந்து, ஈரல் சிரைகளில் வடிகின்றன. பித்தநீர் மட்டும் தனிக் கால்வாயில், எதிர்த் திசையில் ஓடுகிறது.

படி 4: குறுக்கே அறுங்கள்

கூரான கத்தியால் ஒரே இழுப்பில் அறுங்கள். வெட்டுமுகத்தில் சில துளைகள் திறந்தபடி நிற்கும். அவை ஈரல் சிரைகள். சதையோடு ஒட்டியிருப்பதால் மூடிக்கொள்ளாது. வேறு சில துளைகளைச் சுற்றி வெள்ளை உறை இருக்கும். உள்ளே சிரை, தமனி, பித்தநாளம் மூன்றும் சேர்ந்தே போகும். நாளத்துக்குள் தட்டையான இலைபோல் ஏதாவது நெளிந்தால் அது ஈரல் தட்டைப்புழு. நத்தைகள் வாழும் ஈரநிலத்தில் மேய்ந்த ஆடு என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த வழியில் ரத்தம் ஏன் போகிறது?

ஆட்டின் குடலிலிருந்து சர்க்கரை மிகக் குறைவாகத்தான் கிடைக்கிறது. இரைப்பை நுண்ணுயிரிகள் தழையைப் புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. அவற்றில் ஒன்றான, போர்ட்டல் சிரை வழியாக வந்துசேரும் புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து ஈரல்தான் குளுக்கோஸ் செய்கிறது. இரைப்பையில் உண்டாகும் அம்மோனியா நஞ்சு. அதையும் ஈரல் பிடித்து யூரியாவாக்குகிறது. அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக மறுபடியும் இரைப்பைக்கே போய், நுண்ணுயிரிகள் புரதம் செய்ய உதவுகிறது. காய்ந்த புல்லை மட்டும் தின்றும் ஆடு பிழைத்துக் கிடப்பதில் இந்தச் சுழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஈரல் சர்க்கரையைத் தானே தருகிறது என்பதும் இதே பாய்ச்சலால் தெரியவந்ததுதான். 1855-இல் பிரான்சின் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் ஒரு நாயின் ஈரலை எடுத்து, போர்ட்டல் சிரை வழியாகத் தண்ணீர் விட்டு, வெளிவரும் நீரில் சர்க்கரையே இல்லாத அளவுக்குக் கழுவினார். மறுநாள் பார்த்தால் அதே ஈரலில் மறுபடியும் சர்க்கரை இருந்தது.