அலுவலகக் காற்றில் எத்தனை பாக்டீரியா? இம்பாக்டர் வைத்து அளக்கும் முறை

அகர் தட்டை (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) திறந்து மேசையில் வைத்துவிட்டு எண்ணுவது மலிவான வழிதான். ஆனால் அதில் பெரும்பாலும் கனமான துகள்களே விழும். நுரையீரலின் ஆழம்வரை போகிற நுண்துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். உடல்நல ஆபத்தைப் பேச வேண்டுமென்றால் காற்றை 400 துளை வழியாக இழுத்து அகர் மேல் மோதவிடும் ஆண்டர்சன் இம்பாக்டர் கருவியே மேல்.

1. டிரிப்டிக் சோயா அகர், பூஞ்சை படராமலிருக்க சைக்ளோஹெக்சிமைடு சேர்த்தது. கருவிக்குரிய கண்ணாடித் தட்டில் 27 மி.லி. ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் தட்டுக்கு இந்த அளவு ஒத்துவராது. அகரின் உயரம் மாறினால் துளைக்கும் அகருக்கும் உள்ள இடைவெளி மாறும், துகள் சரியாகப் பதியாது.

2. காற்றோட்டம் நிமிடத்துக்கு 28.3 லிட்டர். தட்டை உள்ளே வைத்தபிறகுதான் சரிபாருங்கள். வெறும் பம்பை அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

3. ஒவ்வொரு மாதிரிக்கும் முன் துளைத்தகட்டை 70% ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடைத்த துளை இருட்டாகத் தெரியும்.

4. உட்கார்ந்திருப்பவரின் மூக்கு மட்டத்தில், ஏசி காற்று நேராக அடிக்காத இடத்தில், ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் 5 நிமிடம். ஆளில்லாத அறையை அளப்பது வீண்வேலை: உள்காற்றிலுள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ், மைக்ரோகாக்கஸ் என்னும் உருண்டை பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மனிதத் தோலிலிருந்து உதிர்ந்தவை. வெளிக்காற்றில் ஒரு தட்டு, காற்றை இழுக்காமல் வைத்தெடுத்த ஒரு தட்டு, இரண்டும் கட்டாயம்.

5. தட்டைக் கவிழ்த்து 35 டிகிரியில் 48 மணி நேரம். நேராக வைத்தால் மூடியில் கோத்த நீர் சொட்டி, காலனிகள் (பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளிகள்) ஒன்றோடொன்று கலந்துவிடும்.

6. எண்ணுவது. பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரே துளை வழியாக இரண்டு மூன்று துகள்கள் விழுந்தாலும் ஒரு காலனியாகத்தான் தெரியும். அதனால் எண்ணியதை அப்படியே எழுதாமல் துளைத் திருத்த அட்டவணையைப் பாருங்கள்: 40 என்றால் 42தான், பெரிய வித்தியாசமில்லை. 200 என்றால் 277. 300 என்றால் 553! தட்டு அவ்வளவு நிரம்பினால் திருத்தத்தை நம்பாமல் நேரத்தைக் குறைத்து மறுபடி எடுப்பது நல்லது.

5 நிமிடத்தில் இழுத்த காற்று 141.5 லிட்டர், அதாவது 0.1415 கன மீட்டர். 42ஐ இதனால் வகுத்தால் கன மீட்டருக்குச் சுமார் 297 காலனி.

இந்த எண் ஆபத்தா, இல்லையா? உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வரம்பு எதுவும் கிடையாது. வெளிக்காற்றோடு ஒப்பிடுங்கள். உள்ளே பல மடங்கு கூடி, பாக்டீரியாவை இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தில், நுண்ணோக்கியில் நீல உருண்டைகளாகத் தெரிந்தால் ஆள்நெரிசலுக்கு ஏற்ற காற்றோட்டம் இல்லை என்று சந்தேகிக்கலாம். சிவப்புக் குச்சிகள் நிறைய இருந்தால் ஈரப்பதமூட்டியையும் ஏசியின் நீர்த்தட்டையும் திறந்து பாருங்கள். அந்தச் சிவப்புக் குச்சி பாக்டீரியாக்களின் செல்சுவரிலுள்ள நச்சான எண்டோடாக்சின்தான் இருமல், நெஞ்சிறுக்கம், காய்ச்சலைக் கொண்டுவருவது. செத்த செல்லிலும் அது இருக்கும், தட்டில் தெரியாது.

எண்ணி முடித்த தட்டுகளை 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்துதான் எறிய வேண்டும்.

பின்சேர்க்கை: "லெஜியோனெல்லா இல்லையென்று இதை வைத்துச் சொல்லலாமா?" முடியாது. நிமோனியா உண்டாக்கும் அந்தப் பாக்டீரியா இந்த அகரில் வளராது. காசநோய்க் கிருமியும் அப்படியே. லெஜியோனெல்லாவுக்குக் குளிர்விப்புக் கோபுரத் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் எடுத்து, கரி கலந்த பிசிஒய்இ (BCYE) அகரில் தனியாகச் சோதிக்க வேண்டும்.